இருக்கு மரம்

லோகாம்பாளிடம் எதையாவது எங்கே என்று கேட்டால் வாயால் சொல்லமாட்டாள். எழுந்து போய் அதன்மேல் கையை வைப்பாள். உப்பு எங்கே என்றால் அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியின் மூடியில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். கேட்டவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் கையை எடுப்பாள். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் வெளியூர்க்காரர் யாராவது பொன்னேரி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுவிட்டால், இறால் கூடையை அப்படியே விட்டுவிட்டு அவர்களுடன் நடந்து போவாள். பஸ்ஸின் தகரத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுத் திரும்பி வருவாள். அதற்குள் அவள் உட்கார்ந்திருந்த நிழலில் வேறு யாராவது கூடையை வைத்திருப்பார்கள். அவள் கூடையை வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு உட்காருவாள்.

பல வருடங்களாக நான் பார்த்துவருகிற பழக்கம் இது. அவள் பிறக்கும்போதே இப்படி இல்லை. எங்கள் குப்பத்திலேயே அதிகம் பேசியவள் அவள்தான்.

எங்களில் படகும் பெரிய வலையும் வைத்திருக்கிறவர்கள் குறைவு. ஆணும் பெண்ணும் ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறோம். பனை ஓலையில் பின்னிய சின்னக் கூடையைப் பறி என்போம். அதன் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொள்வோம். பறி மோவாய்க்குக் கீழே தொங்கும். இரண்டு கையும் தண்ணீருக்கடியில் இருக்கும். அகப்பட்ட இறாலைப் பறிக்குள் போட்டுவிட்டு மறுபடியும் தடவ வேண்டும். தண்ணீர் கலங்கலாக இருப்பதால் கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. கயிற்றைக் கவ்வியிருப்பதால் வாய்க்கும் வேலை இல்லை. எல்லோரும் ஊமைகள்போல மார்பளவு தண்ணீரில் நகர்ந்துகொண்டிருப்போம். லோகாம்பாள் மட்டும் கயிற்றைக் கவ்வியபடியே பேசுவாள். பாதிச் சொல் பல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும், மீதி வெளியே வரும். அதுவே எங்களுக்குப் போதும். கெளுத்தி முள் குத்தி யாராவது கையை உதறினால், "மாப்ள முத்தம் குட்த்துட்டாரு" என்பாள். சிரித்தால் பறி தண்ணீரில் விழுந்துவிடும். அதனால் நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தடவுவோம். அவளுக்கு அது ஒரு விளையாட்டு.

அவளுக்கும் புருஷன் வடிவேலுவுக்கும் குழந்தை இல்லை. பொன்னேரியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனார்கள், கோயில்களுக்கும் போனார்கள். பிறகு போவதை நிறுத்திவிட்டார்கள். வடிவேலுவின் தம்பி உதயகுமாரைச் சின்ன வயதிலிருந்து சோறு போட்டு வளர்த்ததும் அவள்தான். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் அண்ணனுக்கும் தம்பிக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு கிடைத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரே வாசல்.

இனி அந்த மரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஏரியிலிருந்து ஒரு ஓடை பிரிந்து எங்கள் குப்பத்தின் பின்பக்கமாக வளைந்து போகிறது. அதன் ஓரத்தில், தண்ணீர் தினமும் ஏறி இறங்கும் சேற்றில், கண்டல் மரங்கள் நிற்கின்றன. அவற்றின் அடியில் வேர்கள் விரல்விரலாக மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வந்திருக்கும். அங்கே வெறுங்காலோடு நடக்க முடியாது. கண்டலுக்குப் பின்னால் மண் கொஞ்சம் மேடு. பௌர்ணமி, அமாவாசை ஏற்றத்துக்கு மட்டுமே தண்ணீர் அங்கே வரும். அந்த மேட்டில் நிற்பது தில்லை. அதன் வேர்கள் கண்டல்போல நிமிர்ந்து நிற்பதில்லை, பாம்புக் கூட்டம்போல மண்ணின் மேலேயே பின்னிக்கொண்டு படுத்திருக்கும். இலை பளபளவென்று இருக்கும். ஆடு வாய் வைக்காது. பூக்கும் காலத்தில் மஞ்சள் சரம் தொங்கும், தேனீக்கள் மொய்க்கும். மாசி, பங்குனியில் இலைகள் செம்பருத்தி நிறத்துக்கு மாறி உதிர்ந்துபோகும். பிறகு சில வாரங்கள் மரம் மொட்டையாக நிற்கும். தெரியாதவர்கள் பார்த்தால் பட்டுப்போன மரம் என்றே நினைப்பார்கள். ஆனால் பட்டையில் நகம் பட்டால் போதும், வெள்ளையாகப் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும். அதன் விறகை எரித்தால் புகையும் கண்ணைக் கெடுக்கும். எங்கள் குழந்தைகள் நடக்கத் தொடங்கியதும் தெரிந்துகொள்கிற முதல் ஆபத்து அது. ஏரியே அதற்குப் பிறகுதான்.

ஆனால் நாங்கள் அதைத் தில்லை என்று சொல்வதில்லை. ஏரிக்குப் போகிறவர்கள் 'இல்லை' என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டார்கள். வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட 'அரிசி நெறைஞ்சிடுச்சி' என்போம். தில்லை என்ற பெயருக்குள் இல்லை உட்கார்ந்திருக்கிறது. காலையில் பறியோடு அந்தப் பக்கமாகப் போகும்போது அதைச் சொன்னால் பறி வெறுமையாகத் திரும்பும் என்று யாரோ எப்போதோ பயந்து, அதற்கு 'இருக்கு' என்று பேர் வைத்துவிட்டார்கள். இருக்கு மரம். எங்கள் குப்பத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். எங்களுக்குக் குழப்பம் வந்ததே இல்லை. ஏனென்றால் ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்ல எங்களுக்கு 'கீது' என்று வேறு சொல் உண்டு. சோறு கீது, தண்ணி கீது, பஸ்ஸு கீது. 'இருக்கு' என்றால் அந்த மரம், வேறொன்றும் கிடையாது.

உதயகுமாருக்குக் காட்டூரில் பெண் எடுத்தார்கள். பெண்ணின் பெயர் சுதா. விவசாயக் குடும்பம். பொன்னேரியில் விடுதியில் தங்கிப் படித்தவள். கீது என்று சொன்னால் விடுதி அம்மா தலையில் குட்டுவார்களாம். அதனால் அவள் பேச்சு துவைத்து மடித்த துணிபோல இருக்கும். 'இருக்கு', 'போகுது', 'என்ன' என்பாள். குப்பத்துப் பெண்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். லோகாம்பாள் மட்டும், "டிவி பொட்டி மாதிரி எவ்ளோ அயகா பேசுது பாரு" என்று எங்களிடம் பெருமையாகச் சொல்வாள். தன் காதில் இருந்த கம்மலைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள். சுதா அவளை அக்கா என்று கூப்பிட்டாள். அந்தச் சொல்லுக்காகவே இவள் எழுந்து எழுந்து ஓடுவாள்.

தை மாதம் கல்யாணம். மாசியில் அது நடந்தது.

அன்று காலை நாங்கள் ஓடையின் வாயில் தடவிக்கொண்டிருந்தோம். லோகாம்பாள் கரைக்குக் கிட்டத்தில் இருந்தாள், நான் அவளுக்குச் சற்றுத் தள்ளி. சுதா கையில் கத்தியோடு கரைக்கு வந்தாள். வீட்டில் விறகு தீர்ந்துவிட்டது, அந்தப் பக்கம் போய் வெட்டிக்கொண்டு வரட்டுமா என்று மேட்டைக் காட்டிக் கேட்டாள். லோகாம்பாள் பறியைக் கவ்வியபடியே சொன்னாள்.

"அந்தாண்ட இருக்கு மரம்."

எங்களுக்கு அது முழு வாக்கியம். அங்கே பாம்பு என்று சொன்னால் போகாதே என்று தனியாகச் சொல்லவேண்டுமா. அதுபோலத்தான் இதுவும். சுதா சரி அக்கா என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவள் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள் என்றுதான் நினைத்தோம். கண்டல் மறைத்துக்கொண்டிருந்ததால் அவள் மேட்டுக்கு ஏறியதை யாரும் பார்க்கவில்லை.

மேட்டில் மரங்கள் இலை உதிர்ந்து மொட்டையாக நின்றிருக்கின்றன. தில்லை என்ற பேரைத்தான் அவள் கேட்டிருந்தாள், மரத்தைப் பார்த்ததில்லை. காய்ந்த மரம் என்று ஒரு கிளையில் வெட்டினாள். பால் இடது கண்ணில் தெறித்தது. கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். எருக்கம்பாலைப்போல ஏதோ ஒன்று என்று முந்தானையால் துடைத்துக்கொண்டு, கீழே உதிர்ந்து கிடந்த சுள்ளிகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினாள். எரிச்சல் அதிகமாக, புகையில்தான் கண் எரிகிறது என்று நினைத்தபடி அடுப்பை ஊதி ஊதி எரித்தாள். சோறு வடித்துக் குழம்பும் வைத்துவிட்டாள். நாங்கள் கரையேறி வந்தபோது வாசலில் வீசிய புகையின் வாடையை வைத்தே லோகாம்பாள் ஓடத் தொடங்கினாள். சுதா அடுப்பின் முன்னால் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இமைகள் வீங்கி மூடிப்போயிருந்தன.

பிள்ளை பெற்றிருந்த ஒருத்தியைக் கூட்டிவந்து தாய்ப்பால் விட்டார்கள். பிறகு ஆட்டோவில் பழவேற்காடு, அங்கிருந்து பொன்னேரி, அங்கிருந்து சென்னைக் கண் ஆஸ்பத்திரி. லோகாம்பாள் கூடவே போனாள். உதயகுமார் போக வர இருந்தான், இவள் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. இடது கண்ணின் கருவிழி புண்ணாகி அழுகிவிட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதைக் காப்பாற்ற முடியவில்லை. வலது கண் பிழைத்தது. ஆனால் பனி மூடிய கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோலத்தான் அதில் தெரியும்.

சுதாவின் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து, எப்படி நடந்தது என்று மகளிடம் கேட்டாள். அங்கே மரம் இருக்கிறது என்று அக்காதான் சொன்னார்கள் என்றாள் சுதா. அவள் பொய் சொல்லவில்லை. அவள் காதில் விழுந்தது அதுதான். ஆனால் லோகாம்பாள் அதை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே கேட்டாள். அந்தச் சொல் இப்படியும் கேட்கும் என்று அதுவரை அவளுக்குத் தோன்றியதில்லை.

ஊர் கூடியது. அம்மன் கோயில் முன்னால் எல்லோரும் உட்கார்ந்தோம். காட்டூரிலிருந்து சுதாவின் அப்பா அர்ஜுனனும் அம்மாவும் உறவுக்காரர்களும் வந்திருந்தார்கள். சுதாவை இரண்டு கண்ணிலும் கட்டோடு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் பெரியவர்கள், அந்த மரத்துக்குப் பேரே அதுதான், இருக்கு மரம் என்றுதான் நாங்கள் சொல்வது என்று எடுத்துச் சொன்னார்கள். நானும் சொன்னேன். கூட்டத்தில் நான் பேசியது அந்த ஒரு தடவைதான். எல்லோரும் ஒன்றுபோலவே சொன்னோம். அதுவே எங்களுக்கு எதிராகப் போய்விட்டது.

சுதாவின் அம்மா எழுந்து நின்று கேட்டாள். "உங்க வூட்டு மூத்த மருமவளைக் காப்பாத்த மரத்துக்கே புதுப்பேரு வெக்கிறீங்களா? தில்லைனு சின்னக் கொயந்தைக்குக்கூடத் தெரியுமே. இது இன்னா ஊரு, விசத்துக்கு இருக்குனு பேரு வெக்கிற ஊரு?"

எங்கள் குப்பமே ஒரே சொந்தம். ஒருவருக்காக ஒருவர் சொல்வோம் என்று அவர்கள் நினைத்ததில் தப்பு இல்லை. போதாதற்கு அம்மணி என்கிற ஒருத்தி, பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி, "புள்ள இல்லாத வயிறு, புதுசா வந்த பொண்ணு வயித்த பாத்துக்கினே இருந்துச்சி" என்றாள். அவளும் எங்கள் குப்பம்தான். மரத்தின் பேர் அவளுக்கும் தெரியும். ஆனாலும் சொன்னாள்.

லோகாம்பாள் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தாள். கை பொசுங்கிக் கொப்பளம் வந்தது. அந்தத் தழும்பு இன்னும் அவள் வலது கையில் தெரிகிறது. சுதாவின் கண்ணில் கட்டு இருந்தது. என்ன வாசனை என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள். கற்பூரம் என்று சொன்னார்கள். கோயிலில் தீபாராதனை என்று நினைத்து அவள் கையைக் கூப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் குப்பத்தில் யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. சொன்னால் அந்த நாற்காலியும் கண் கட்டும் ஞாபகத்துக்கு வந்தன. முதலில் 'அந்த மரம்' என்றோம். பிறகு தில்லை என்றே சொல்லத் தொடங்கினோம். குழந்தைகள் தில்லை என்றே கற்றுக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு டிவியும் பள்ளிப் படிப்பும் வந்து, இப்போது எங்கள் வீடுகளில் கீது என்பதும் குறைந்து இருக்கு என்பதே அதிகமாகிவிட்டது. அந்த மரத்துக்கு அப்படி ஒரு பேர் இருந்ததற்கு, வருடம் ஆக ஆக, அடையாளமே இல்லாமல் போனது. லோகாம்பாளுக்கு அதுதான் தாங்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அவள் வாயிலிருந்து வந்தது மரத்தின் பேர் என்று சுதா நம்பவேண்டும். ஊர் நம்பினது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

சுதா தன் அம்மா வீட்டுக்குப் போகவில்லை, உதயகுமாரோடுதான் இருந்தாள். அவன் வாசலின் குறுக்கே கம்பு நட்டு, பழைய வலையைக் கட்டி மறைப்புப் போட்டான். ஒரு வாசல் இரண்டானது. அண்ணியிடம் பேசுவதை நிறுத்தினான். பிறகு சத்யா பிறந்தாள். குழந்தை அழும் சத்தம் வலையைத் தாண்டி வரும், குழந்தை வராது. லோகாம்பாள் வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இறால் தலை கிள்ளுவாள். கைகள் வேலை செய்யும், முகம் அந்தப் பக்கம் இருக்கும். பேச்சு நின்றுபோனது. தண்ணீரிலும் பேசுவதில்லை. கெளுத்தி குத்தினாலும் சும்மா இருந்தாள்.

சத்யாவுக்கு மூன்று நான்கு வயது இருக்கும்போது ஒரு நாள் அவளுடைய பந்து வலைக்கடியில் உருண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது. வலையைப் பிடித்துக்கொண்டு நின்று, பெரியம்மா என் பந்து எங்கே என்று கேட்டாள். பந்து கோழிக்கூண்டின் பின்னால் கிடந்தது. லோகாம்பாள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். எழுந்து போய்ப் பந்தின்மேல் கையை வைத்து, குழந்தை பார்க்கும்வரை அப்படியே குனிந்திருந்தாள். அன்றைக்குத்தான் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது.

சுதா பிறகு ஏரிக்கு வரத் தொடங்கினாள். காட்டூர்ப் பெண், ஏரியில் இறங்குவது அவளுக்குக் குலவழக்கம் இல்லை. ஆனால் தையல் வேலை செய்யக் கண் போதவில்லை, கம்பெனிகளில் எடுக்கவில்லை. சேற்றைத் தடவுவதில் எல்லோருக்கும் கண் ஒன்றுதான். சீக்கிரத்தில் பழகிவிட்டாள். எங்கள் வரிசையில் அவள் எங்கே இறங்கினாலும், லோகாம்பாள் அவளுக்கும் மேட்டுக்கும் நடுவில் வந்து நின்றுகொள்வாள். சுதா தெரியாமல் அந்தப் பக்கமாக நகர்ந்தால் தண்ணீரைக் கையால் அடிப்பாள். சுதா அந்தச் சத்தத்தைக் கேட்டு விலகிப்போவாள். அது யார் கை என்று அவளுக்குத் தெரியும். இப்படியே வருடங்கள் போயின. ஒருத்தி தண்ணீரை அடிப்பதும் மற்றவள் விலகுவதும்தான் அவர்களுக்குள் இருந்த பேச்சு.

வர்தா புயலில் கண்டல்கள் நிறைய சாய்ந்தன. தில்லையின் கிளைகளும் முறிந்தன, ஆனால் முறிந்த இடத்திலிருந்தெல்லாம் துளிர்த்துக்கொண்டது. கொஞ்ச காலம் கழித்து அதிகாரிகள் வந்து வாய்க்கால் வெட்டிக் கண்டல் நாற்று நட்டார்கள். கூடவே ஒரு பலகையும் நட்டார்கள். அதில் இங்கே உள்ள மரஞ்செடிகளின் பெயர்களை எங்கள் ஆண்களிடம் கேட்டு எழுதினார்கள். லோகாம்பாளுக்குப் படிக்கத் தெரியாது. நான் எட்டாவது வரை போனவள். பலகைக்கு முன்னால் நின்று என்னை இழுத்துக் காட்டினாள். கண்டல், தில்லை, உமரி என்று படித்தேன். கையை ஒவ்வொரு வரியின்மேலும் வைத்து மறுபடி கேட்டாள். மறுபடி படித்தேன்.

"இருக்குனு எயுதலியா?" என்றாள்.

எழுதவில்லை என்றேன். பறியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள்.

வடிவேலு மஞ்சள் காமாலையில் போய்ச்சேர்ந்தான். குடியும் ஒரு காரணம். அண்ணன் செத்ததால் உதயகுமார் வலையை ஒரு பக்கம் அவிழ்த்துவிட்டான். பிணத்தை எடுக்க வாசல் வேண்டுமே. காரியத்தன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். அவர்களில் ஜமுனா என்கிற கிழவியும் ஒருத்தி. எங்கள் குப்பத்தில் பிறந்து, சூளூர்பேட்டைப் பக்கம் கட்டிக்கொடுக்கப்பட்டவள். ஏதோ சண்டையில் பிறந்த வீட்டுக்கு வராமலே இருந்துவிட்டாள். சுதாவை அவளுக்குத் தெரியாது. இங்கே நடந்த எதுவும் அவளுக்குத் தெரியாது. தம்பி முறையான வடிவேலு செத்தான் என்று கேட்டு வந்திருந்தாள்.

பெண்கள் வாசலில் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். சுதா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். லோகாம்பாளை உள்ளே கதவோரம் உட்கார வைத்திருந்தார்கள். வந்திருந்தவர்களின் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடி, ஓடைப் பக்கம் போனார்கள். ஜமுனா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"டேய், இருக்காண்ட போவாதீங்கடா. கண்ணு பூடும்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. எங்கள் எல்லோருடைய கையும் நின்றது. ஜமுனா மட்டும் ஒன்றும் தெரியாமல் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

சுதா மெதுவாகக் கேட்டாள். "எதுக்குக் கிட்ட?"

"இருக்காண்டம்மா. அதோ மேட்ல நிக்குதே. நீ வெளியூரா? எங்க நைனா அது பேரைத் தில்லைனு சொன்னா செருப்பால அட்ப்பாரு. பறியும் தில்லை ஆயிடும்னுவாரு." அவள் சிரித்தாள். பிறகு சாவு வீடு என்பது ஞாபகம் வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கதவோரத்தில் உட்கார்ந்திருந்த லோகாம்பாள் அழுதாள். புருஷன் செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. ஜமுனா போய் அவள் முதுகைத் தடவி, அழாதே, போனவன் திரும்பியா வரப்போகிறான் என்று சமாதானம் சொன்னாள். எதற்காக அந்த அழுகை என்று ஜமுனாவைத் தவிர அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அம்மணி எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறவள்போலப் போய்விட்டாள். சுதா மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். அவளுடைய இரண்டு கண்ணிலும் நீர் வந்தது. பார்வை போன கண்ணிலும் நீர் வரும்.

அன்றைக்கே சுதா ஏதாவது பேசுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். பேசவில்லை. லோகாம்பாள் மறுபடி தண்ணீரில் இறங்க நாளாயிற்று. இறங்கிய அன்று, வழக்கம்போல மேட்டுப் பக்கமாகப் போய் நின்றாள். சுதா அந்தப் பக்கமாக நகர்ந்தாள். இவள் தண்ணீரை அடித்தாள். சுதா விலகாமல் நேராக இவள் கிட்டே வந்தாள். பறியை வாயிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு தடவுகிறவர்கள்போல இருந்தோம்.

"பேருதான்னு தெரிஞ்சிடுச்சு அக்கா," என்றாள்.

லோகாம்பாள் பறியைக் கவ்வியபடியே நின்றாள்.

"ஆனா எனக்குத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல. கல்யாணமாகி ஒரு மாசம். வாயில பறியோட சொன்னீங்களே. கரையேறி ஒரு எட்டு வந்து கையால காட்டியிருந்தா எனக்குக் கண்ணு இருந்திருக்கும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. லோகாம்பாள் கயிற்றைப் பல்லிலிருந்து விட்டாள். பறி தண்ணீரில் விழுந்து சாய்ந்தது. காலையிலிருந்து பிடித்த இறால் எல்லாம் வெளியே போனது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"அதத்தான் நானும் எனக்கு சொல்லிக்கினு கீறேன்," என்றாள்.

சுதா தண்ணீரில் துழாவி, மிதந்துகொண்டிருந்த பறியைக் கண்டுபிடித்து இவள் கையில் கொடுத்தாள். பிறகு தன் பறியைக் கவ்விக்கொண்டு, மேட்டை விட்டு விலகி, இவளுக்கு இந்தப் பக்கமாக வந்து தடவத் தொடங்கினாள்.

நம்பவேண்டும் என்று இத்தனை வருடம் காத்திருந்தவளுக்கு அது கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகு அவள் மெலிந்துபோனாள். முன்பு, சந்தேகப்படுகிறார்களே என்று ஒரு நியாயம் அவள் பக்கம் இருந்தது. இப்போது அதுவும் கையில் இல்லை. ஜமுனா ஊருக்குத் திரும்பிய சில மாதங்களில் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. லோகாம்பாள் சூளூர்பேட்டைக்குப் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்தாள். சுதாவும் போக விரும்பினாள். உதயகுமார் அனுப்பவில்லை. அவன் இன்னும் அண்ணியிடம் பேசுவதில்லை. பேர் என்று தெரிந்த பிறகும் அவனுக்கு மனம் வரவில்லை. அவன் மனைவியின் முகத்தைத் தினமும் பார்க்கிறவன்.

இப்போது ஏரியின் முகத்துவாரம் பாதி நாள் மணல் அடைத்துக் கிடக்கிறது. இறால் முன்போல இல்லை. நட்ட கண்டல் நாற்றுகளில் பாதிக்கு மேல் பட்டுப்போயின. தில்லை யாரும் நடாமலே மேட்டிலிருந்து இறங்கி, பலகையைத் தாண்டி, குப்பத்தின் பின்வேலிவரை வந்திருக்கிறது. அதை வெட்டவும் ஆள் இல்லை. வெட்டக்கூடாது என்று சட்டமும் உண்டாம். போன மாசியில் அதன் சிவப்பு இலைகள் எங்கள் வாசல்களில் வந்து விழுந்தன. பெருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு பெருக்கினோம்.

வாசலில் இருந்த வலை மக்கிப்போய்விட்டது. கம்புகள் மட்டும் நிற்கின்றன. சத்யா பொன்னேரியில் கல்லூரிக்குப் போகிறாள். சுதாவின் வலது கண்ணும் மங்கி வருகிறது, இனி செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வெயிலும் நிழலும் மட்டும் அவளுக்குத் தெரிகின்றன. லோகாம்பாள் காலையில் அவளுடைய முழங்கையைப் பிடித்து ஏரிக்குக் கூட்டிப்போகிறாள், கரையேறியதும் கூட்டிவந்து வீட்டுக் கதவின்மேல் அவள் கையை எடுத்து வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போகிறாள். வழியில் இருவரும் பேசிக்கொள்வதில்லை.